அவதி என்று ஒரு ஸ்டேட்டஸ்

ரம்யா, ஜோஸ்பின்,

ஃபோன் விதிமுறைக் கோப்பை உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். மலையாளத்திலும் தமிழிலும் இருக்கிறது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் படித்துவிடலாம். வேலை நடக்கும் இடத்துக்குள் ஃபோன் கிடையாது. கேட்டில் இருக்கும் பெட்டியில் வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. கம்பெனி பெயரில் யாரும் எதையும் போடக் கூடாது. அவ்வளவுதான். அதில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பணி அனுபவம் எழுதுவதென்றால் ரிட்டையர் ஆகியிருக்க வேண்டும், தலை நரைத்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். நான் என் வேலையை உங்களிடம் விட்டுவிட்டு இரண்டாவது பிரசவத்துக்குத்தான் போகிறேன். எழுதலாமா, வேண்டாமா, இந்தப் பிள்ளைகளை வீணாகப் பயமுறுத்துகிறோமோ என்று யோசித்து, எழுதி, கிழித்து, மறுபடி எழுதுகிறேன். பாப்பாவின் பழைய துணிகளைப் பெட்டியில் எடுத்து வைக்காமல் என்ன எழுத்து வேண்டிக் கிடக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். துணியை அவர்கள் எடுத்து வைக்கலாம். இதை வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

முதலில் அந்த விதி எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். சுதா என்று ஒரு பெண் இருந்தாள். இப்போது கல்யாணமாகிப் போய்விட்டாள். உலர்த்தும் அறை வாசலில் நின்று, தலைத்தொப்பியைக் கழற்றி, முடியை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு ரீல்ஸ் எடுத்தாள். நன்றாகத்தான் ஆடினாள். பின்னால் தேங்காய்த் துருவல் வெள்ளை வெளேரென்று பரப்பிக் கிடந்தது. சரக்கு வாங்குகிறவர்கள் கண்ணில் அது பட்டுவிட்டது. இந்த முடி எங்கள் பாக்கெட்டில் இருக்குமா என்று கேட்டு, ஏற்றிய சரக்கை அப்படியே நிறுத்தி வைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஃபோனைக் கேட்டில் வைக்கும் விதியை எழுதினோம். எழுதியது நான்தான். இன்றைக்கும் அது சரியென்றுதான் சொல்வேன். தேங்காயின் பழுப்புத் தோலைச் சீவும் கத்தியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தரையில் எப்போதும் தண்ணீர். ஒரு கையில் கத்தியும் இன்னொரு கையில் ஃபோனுமாக ஒருத்தி நிற்பதைப் பார்த்தால் ஃபோனைப் பிடுங்கத்தான் ஓடுவேன். இந்த விதியைத் தளர்த்தச் சொல்லி யார் வந்து கெஞ்சினாலும் இணங்காதீர்கள்.

ஆனால் அதோடு இன்னொரு உத்தரவும் வந்தது. அது கோப்பில் இல்லை, வாயால் சொன்னது. ஆபீஸ் ஃபோனில் எல்லாத் தொழிலாளிகளின் நம்பரையும் பெயரோடு சேமித்து வை, தினமும் காலையில் வந்ததும் அவர்கள் வாட்ஸப்பில் என்ன ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார்கள் என்று பார், கம்பெனியைப் பற்றி ஏதாவது இருந்தால் எனக்குக் காட்டு என்றார் மேனேஜர். பஸ் தாமதமானால் நாம் செய்தி அனுப்புவோம் என்பதற்காக அவர்களும் ஆபீஸ் நம்பரைச் சேமித்து வைத்திருந்தார்கள். அதனால் எல்லாருடைய ஸ்டேட்டஸும் எனக்குத் தெரிந்தது.

நானும் பார்த்தேன். சொன்ன வேலையைச் செய்யாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. சாமி படம், காதல் தோல்விப் பாட்டு, தங்கச்சி மகளின் காதுகுத்து, எருத்தேன்பதியில் யாரோ வாங்கிய புது டிராக்டருக்குச் சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது, திறந்திருக்கும் ஜன்னல் வழியாக ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். அவர்களாகத்தானே போடுகிறார்கள், நம்பர் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அடுத்த நிமிடமே, பஸ்ஸுக்காகக் கொடுத்த நம்பர் இது என்று தோன்றும். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

இதில் ஒன்றை நானும் மேனேஜரும் யோசிக்கவில்லை. ஸ்டேட்டஸைப் பார்த்தால், யார் பார்த்தார்கள் என்று போட்டவர்களுக்கும் தெரியும். சீவும் பகுதியில் கனகமணியக்காவுக்கு அது முதல் வாரமே தெரிந்துவிட்டது. மறுநாள் அவர் போட்ட ஸ்டேட்டஸ், பிள்ளையார் படத்துக்குக் கீழே: ‘ஆபீஸ்ல பாக்கறவிங்களுக்கு காலை வணக்கம். சாப்டீங்களா?’

மேனேஜருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். குட்மார்னிங் சொல்லியிருக்கிறார்கள் சார் என்றேன். அது பொய் இல்லை.

இனி மகேஸ்வரி விஷயம். வடகரப்பதியிலிருந்து வருகிறவள், கனகமணியக்காவுக்குப் பக்கத்தில் நின்று சீவுகிறவள். அதிகம் பேச மாட்டாள். அன்று காலை நான் பாப்பாவை டே கேரில் விட்டுவிட்டுக் கொஞ்சம் தாமதமாக வந்தேன். ஆபீஸ் ஃபோன் பஸ் வருவதற்கு முன்பிருந்தே மேனேஜர் கையில் இருந்தது.

“சத்யா, இது நோக்கு” என்று நீட்டினார்.

மகேஸ்வரியின் ஸ்டேட்டஸ். முந்தைய நாள் சாயங்காலம் போட்டது. பாயில் அவளுடைய சின்னப் பையன் படுத்திருக்கும் படம். கீழே, நம் ஊரில் எல்லாரும் எழுதுவதுபோல், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாள். மேனேஜர் அதை உரக்க வாசித்தார்: “இன்னைக்கு ஃபுல்லா அவதி.”

எழுத்துக் கூட்டி, அவர் ஊர் உச்சரிப்பில், ‘தி’யை அழுத்தி வாசித்தார். “இவள் இன்னலெ லீவல்லே? பின்னே ஆரு இவளுடெ கார்டு அடிச்சு?”

இவள் நேற்று லீவு, அப்படியானால் இவள் கார்டை யார் தேய்த்தது என்று கேட்கிறார். வருகைக் கணக்கில் மகேஸ்வரி முழுநாளும் வேலையில் இருந்ததாகத்தான் இருந்தது. ஒருவர் கார்டை இன்னொருவர் தேய்க்கிறார்கள் என்று அவருக்கு வெகுநாளாகச் சந்தேகம். இப்போது ஆதாரம் கையில் கிடைத்துவிட்டது. தேய்த்தது பக்கத்தில் நிற்கும் கனகமணியாகத்தான் இருக்கும் என்றும் அவரே முடிவு கட்டிவிட்டார். இரண்டு பேருக்கும் மெமோ தயார் செய், இன்றைக்கே அவர்களை வேலையை விட்டு அனுப்ப வேண்டும் என்றார்.

நீங்கள் சிரிப்பீர்கள். ஜோஸ்பின், தமிழ் பேசும் மறையூரில் பிறந்த உனக்கு இதைப் பார்த்ததும் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. நான் இந்தக் கேரள எல்லையில் பிறந்து, தமிழ் மீடியத்தில் படித்தவள்தான். ஆனால் இத்தனை வருடமாக இந்த மேசையில் உட்கார்ந்து நான் வாங்கி வைப்பதெல்லாம் அவதி அபேட்சை, அதாவது மலையாளத்தில் லீவு விண்ணப்பம். மழை வலுத்தால் கலெக்டர் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் நாளைக்குப் பள்ளிக்கூடம் அவதி என்று போட்டிருக்கிறாரா என்று ஃபோனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறோம். என் காதில் அந்தச் சொல் லீவு என்றேதான் விழுந்தது. அதுவும் அவர் வாயிலிருந்து வந்தபோது வேறெப்படி விழும்? மகேஸ்வரியா இப்படிச் செய்தாள் என்று வருத்தப்பட்டுக்கொண்டே மெமோ எழுத உட்கார்ந்தேன்.

மலையாளத்தில் எழுதி முடித்தேன். மகேஸ்வரிக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்பதால் வழக்கம்போல் தமிழ்ப் பிரதியும் தயார் செய்ய வேண்டும். தமிழில் அடித்துக்கொண்டே வந்தேன். ‘தாங்கள் நேற்று மாலை தங்கள் வாட்ஸப் ஸ்டேட்டஸில்’ என்று தொடங்கி, அவள் எழுதியதை மேற்கோள் குறிக்குள் தமிழ் எழுத்தில் போட்டேன்.

‘இன்னைக்கு ஃபுல்லா அவதி.’

அடித்துவிட்டுப் பார்த்தேன். கை நின்றுவிட்டது. தமிழ் எழுத்தில் வந்த பிறகு அது எப்படி லீவு ஆகும்? பாயில் படுத்திருந்த பையனின் படத்தை மறுபடி பார்த்தேன். அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டிருந்தது.

அதற்குள் மேனேஜர் இரண்டு பேரையும் ஆபீஸுக்கு வரவழைத்துவிட்டார். கனகமணியக்கா கையைத் துடைத்துக்கொண்டே, கதவுக்கு வெளியிலிருந்தே தொடங்கிவிட்டார்.

“ஏனம்மிணி, நானு இவ கார்டத் தேச்சுப்போட்டனாமா? எங்கார்டவே ஊட்ல மறந்துபோட்டு வந்து வாச்சுமேன்கிட்டப் பாட்டு வாங்கறவ நானு. இதுல இன்னொருத்தி கார்டயும் சேத்திச் சொமக்கறனாக்கும்?”

“அக்கா, கொஞ்சம் இருங்க” என்றேன். மகேஸ்வரியிடம், “நேத்து நீங்க வேலைக்கு வந்தீங்களா?” என்று கேட்டேன்.

“வந்தனுங்க மேடம். பூரா நாளும் இங்கதானுங்க நின்னேன்.”

“அப்ப அந்த ஸ்டேட்டஸ்?”

அவள் மேனேஜரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். “பையனுக்குக் காத்தால இருந்தே காச்சலுங்க. மாமியா பாத்துக்கறேன்னாங்க, வந்துட்டேன். மத்தியானம் எப்படி இருக்கறான்னு ஒரு வார்த்த கேக்கலாம்னு கேட்டுக்குப் போனனுங்க. வாச்சுமேன் பொட்டியப் பூட்டிப்போட்டு எங்கியோ போயிட்டாருங்க. சாயந்தரம் ஊட்டுக்குப் போனா, வாந்தியெடுத்துச் சுருண்டு கெடக்கறானுங்க. அதுதானுங்க அவதின்னு போட்டேன். தப்புங்களா? அழிச்சுப்போடறனுங்க.”

“அவதிய அவதின்னு போடாம, பின்ன அமோகம்னு போடுவாளா?” என்றார் கனகமணியக்கா.

மகேஸ்வரி இன்னும் முடிக்கவில்லை. “காத்தால பஸ்ல வரையில பாத்தனுங்க, ஆபீஸ்ல பாத்திருக்கறாங்கன்னு காட்டுச்சு. பையனுக்கு என்னாச்சுன்னு யாராச்சும் கேப்பீங்கன்னு நெனச்சனுங்க.”

என்னால் தலை நிமிர முடியவில்லை. இந்த வாக்கியத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒரு பெண்ணின் ஸ்டேட்டஸைக் கம்பெனி பார்த்தால், கம்பெனி தன்னை விசாரிக்கும் என்று அவள் நினைத்தாள். நாங்கள் விசாரணை வைக்கத் தயாராகிக்கொண்டிருந்தோம்.

அவர்களை வேலைக்கு அனுப்பிவிட்டு மேனேஜரிடம் சொன்னேன். தமிழில் அவதி என்றால் லீவு இல்லை சார், கஷ்டம். பையனுக்குக் காய்ச்சல். நாள் முழுக்கத் தவித்திருக்கிறாள். அதைத்தான் எழுதியிருக்கிறாள்.

அவர் என்னை நம்பவில்லை. நீ அவர்கள் ஆள், வேறென்ன சொல்வாய் என்பதுபோல் பார்த்தார். சீவும் பகுதி சூப்பர்வைசரை ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டார். ஆமாம் சார், தமிழில் அப்படித்தான், மகேஸ்வரி நேற்று இங்கேதான் இருந்தாள் என்று அவரும் சொல்லிவிட்டார். சரி, முடிந்தது என்று நான் மெமோவைக் கிழிக்கப் போனேன்.

“நில்க்கு” என்று கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு சொன்னார்: அப்படியானால் கம்பெனியில் வேலை செய்த நாளை முழுக்கக் கஷ்டம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். அது கம்பெனிக்கு அவமானம். விதியில் இருக்கிறது. கார்டு விஷயத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டு மெமோவை மாற்று.

நான் சண்டைக்காரி இல்லை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்து, வீட்டில் திட்டு வாங்குகிறவள். அன்றைக்கு வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை.

“சார், லீவு என்றால் வேலை போகும். கஷ்டம் என்றாலும் வேலை போகும். அவள் எந்தப் பாஷையில் எழுதியிருந்தால் வேலை இருந்திருக்கும்?”

அவர் முகம் சிவந்துவிட்டது. மெமோவில் கையெழுத்துப் போட வேண்டியது நீ, என்னைக் கேள்வி கேட்பதல்ல உன் வேலை என்றார். சின்னக் குழந்தை இருக்கிறது, நல்லபடியாக யோசி என்றும் சொன்னார். அதை அன்பாகச் சொன்னாரா, மிரட்டிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். “சாரைப் பகைச்சுக்காத சத்யா. போட்டுக் குடுத்துட்டு வா. அவ வேற எடம் பாத்துக்குவா” என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயம். எனக்கும் அதே பயம்தான். இந்த வேலை போனால் பாப்பாவைப் பார்த்துக்கொண்டு போய் வருகிற தூரத்தில் வேறு வேலை கிடைக்காது.

ஃபோனை வைக்கும்போது டே கேர் டீச்சரிடமிருந்து படம் வந்திருந்தது. தினமும் அந்த நேரத்துக்கு அனுப்புவார். பாப்பா முகமெல்லாம் கஞ்சியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் ஆபீஸ்காரி. என் ஃபோன் என்னிடமே இருக்கும். என் குழந்தை சாப்பிட்டதா, தூங்கியதா என்று மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொள்வேன். கேட்டில் ஃபோனை வாங்கி வைக்கும் விதியை எழுதிய கையும் இதேதான்.

திரும்பிப் போய்ச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. “நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். நீங்கள் போட்டு அனுப்புங்கள். அவள் பதில் கொடுத்தால் விசாரணை வைக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாராவது சொல்ல வேண்டும். நான்தான் சொல்வேன். முதலில் லீவு என்று வாசித்தோம் என்பதையும் சொல்வேன். கேட்டில் பெட்டி பூட்டியிருந்தது என்பதையும் சொல்வேன்.”

பிறகு அவர் கண் முன்னாலேயே ஆபீஸ் ஃபோனை எடுத்து, சேமித்து வைத்திருந்த தொழிலாளிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக அழித்தேன். பஸ் செய்திக்குக் குரூப் இருக்கிறது, அது போதும். அவர் “எந்தா செய்யுந்நே?” என்று கேட்டார். “வீட்டு ஜன்னலைச் சாத்துகிறேன் சார்” என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. பாதிப் பெயர்களை அழிக்கும்போதே, ஐயோ, என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. ஆனால் நிறுத்தவில்லை.

அந்த மெமோ போகவில்லை. தான் தவறாக வாசித்துவிட்டதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த வாரம் என் மேசையை ஸ்டோர் ரூம் பக்கமாக மாற்றினார். மின்விசிறி இல்லாத இடம். நீங்கள் சேரும்போது நான் உட்கார்ந்திருந்தேனே, அதே இடம்தான். அங்கே வைத்தே வேலையை முடித்தேன். காற்று வேண்டுமென்றால் எழுந்து சீவும் பகுதிக்குப் போவேன். அவர்களோடு கொஞ்சம் பேசிக்கொண்டிருப்பேன்.

இன்னொன்றும் செய்தேன். கேட்கக் கேட்க மறுத்தார், நானும் விடாமல் கேட்டேன். சூப்பர்வைசர் மேசையில் ஒரு ஃபோன் வைக்க வைத்தேன். அந்த நம்பரைப் பள்ளிக்கூடத்துக்கும், அங்கன்வாடிக்கும், வீட்டுக்கும் கொடுத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் அது பெரிய தொல்லை. கனகமணியக்காவின் வீட்டுக்காரர் கூப்பிட்டுத் தீப்பெட்டி எங்கே என்று கேட்டார். அக்கா தொப்பியோடு ஓடி வந்து எடுத்து, “அடுப்புக்கு மேல கண்ணுக்கு நேரா இருக்குதுங்க. கண்ணு எங்கன்னு தேடுங்க மொதல்ல” என்று சொல்லிவிட்டு வைத்தார். நான் தப்புச் செய்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு ஒருநாள் மகேஸ்வரிக்கு அழைப்பு வந்தது. பையன் பள்ளிக்கூடத்தில் விழுந்து நெற்றி கிழிந்துவிட்டது. அவள் அப்போதே போனாள், தையல் போடும்போது அவன் கையைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் வரவில்லை.

நான் போகிறேன் என்று தெரிந்ததும், நேற்று இரண்டு பேரும் கேட்டில் நின்றிருந்தார்கள். மேனேஜர் ஒப்புதல் கொடுத்த காகிதம் என் கையில் இருந்தது. அதில் மலையாளத்தில் என்ன போட்டிருக்கிறது என்று மகேஸ்வரி கேட்டாள். பிரசவாவதி என்று வாசித்தேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “லீவுங்களா, அவதிங்களா மேடம்?”

“ரெண்டுந்தான் புள்ள” என்றார் கனகமணியக்கா. “ஆனா இத யாரும் ஸ்டேட்டஸ்ல போட்றாதீங்க. ஆபீஸ்ல பாப்பாங்க.”

ஆகவே, ரம்யா, ஜோஸ்பின். நான் போன பிறகு அவர் உங்களைக் கூப்பிடுவார். அவர்கள் என்ன போடுகிறார்கள் என்று நீங்கள் பார்ப்பதில்லையா என்று மெதுவாகக் கேட்பார். நீங்கள் புதியவர்கள், பயமாகத்தான் இருக்கும். பயந்துகொண்டே மாட்டேன் என்று சொல்லுங்கள். இதை அவரிடம் வாசித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வாசித்தால் அர்த்தத்தோடு வாசித்துக் காட்டுங்கள்.

ஆபீஸ் ஃபோனில் இப்போது பஸ் டிரைவர், வாட்ச்மேன், ஆம்புலன்ஸ், கரண்ட் ஆபீஸ் நம்பர்கள் மட்டும்தான் இருக்கின்றன. நான் திரும்பி வரும்போதும் அப்படியே இருக்க வேண்டும். அதில் ஒரு தொழிலாளியின் ஸ்டேட்டஸாவது என் கண்ணில் பட்டால், நான் எழுதும் முதல் மெமோ உங்களுக்குத்தான். அதில் நானே கையெழுத்துப் போடுவேன்.

சத்யா